ஒரு வாளி சுடுதண்ணிக்கு எவ்வளவு கரண்டு?



இந்த மாதப் பாடம் சுடுதண்ணியைப் பற்றியது. "சுடுதண்ணி வைக்கக்கூட எங்களுக்குப் பாடமா?" என்று சிரிக்க வேண்டாம். போன மார்கழியில் நம்ம குழு ஒன்றில் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

பத்தாவது படிக்கிற பொண்ணு. பனியன் கம்பெனிக்கு ஒன்றரை ஷிப்ட் போகிற அம்மா. லைன் வீடு. காலையில் வாளியில் ராடைப் போட்டுவிட்டு, தண்ணி சுட்டுவிட்டதா என்று பார்க்க அந்தப் பிள்ளை விரலை விட்டிருக்கிறது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. தூக்கி எறிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு அக்கா முதலில் பிளக்கைப் பிடுங்கினார்கள், பிறகுதான் பிள்ளையைத் தொட்டார்கள். அந்த அறிவு அந்த நேரத்தில் வந்ததால் இரண்டு உயிர் தப்பியது. பிள்ளைக்கு ஒரு வாரம் கை வலி, அதோடு போயிற்று. ராடை எடுத்துப் பார்த்தால் 180 ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனி பேரும் இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதே பேச்சுதான். "எல்லாருமே கீசர் வாங்கிடலாங்க்கா, உள்கடன் குடுங்க" என்றார்கள் சிலர். "கீசர் போட்டா கரண்டு பில்லு எகிறிடும், ராடே போதும்" என்றார்கள் வேறு சிலர். கடையில் தவணைக்குத் தருகிறார்கள் என்று ஒருவர் நோட்டீஸே கொண்டுவந்திருந்தார். யார் சொல்வது சரி என்று எங்களுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாரும் ஈ.பி. அட்டையை எடுத்து வரச்சொல்லி, வயரிங் தெரிந்த ஒரு தம்பியையும் கூட வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குதான் இந்தப் பாடம்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை

நம்ம அம்மா காலத்தில் பொடக்காலியில் செம்பு அண்டாவோ பாய்லரோ இருக்கும். தென்னை மட்டை, பாளை, பருத்திமாறு, எது கிடைத்தாலும் உள்ளே தள்ளினால் குடும்பமே தண்ணி வாத்துக்கும். காசு செலவில்லை. இப்போதும் தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்கு அதைவிடச் சிக்கனம் வேறு கிடையாது. அவர்கள் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு எதையும் வாங்க வேண்டாம். புகை வீட்டுக்குள் வராமல், திறந்த வெளியில் அடுப்பு இருந்தால் போதும்.

ஆனால் நம்மில் பாதிப் பேர் இன்றைக்கு அவிநாசியைச் சுற்றி லைன் வீட்டிலோ, மாடிக் குடியிருப்பிலோ இருக்கிறோம். பத்துக்குப் பத்து அறை, ஒட்டினாற்போல் சமையல் இடம். வெறகு வைக்க இடமில்லை, வைத்தாலும் வீட்டுக்காரர் விடமாட்டார். ஆக கரண்டு, இல்லாவிட்டால் கேஸ்.

ஒரு யூனிட் என்றால் என்ன?

1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

20 லிட்டர் வாளி ஒன்று. மார்கழிக் காலையில் மேல்தொட்டித் தண்ணி 22 டிகிரி சூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். இந்த 18 டிகிரியை ஏற்றுவதற்குத் தண்ணி கேட்கிற கரண்டு 0.42 யூனிட். வாளியிலிருந்து காற்றில் போகிற சூட்டையும் சேர்த்தால், ஒரு வாளிக்கு அரை யூனிட் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

இந்த அரை யூனிட்டை 1000 வாட் ராட் 30 நிமிஷத்தில் கொடுக்கும். 1500 வாட் ராட் 20 நிமிஷத்தில். 2000 வாட் கீசர் 15 நிமிஷத்தில். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 10 நிமிஷத்தில். கொடுக்கிற கரண்டு நாலிலும் ஒன்றேதான். "பெரிய வாட் கரண்டைக் குடிக்கும்" என்று நாம் பயந்தது தப்பு. "இந்தக் கீசர் போட்டா கரண்டே ஆகாதுங்க" என்று கடைக்காரர் சொல்வதும் தப்பு. 600 ரூபாய் ராடும் 8,000 ரூபாய் கீசரும் ஒரு யூனிட் கரண்டிலிருந்து எடுக்கிற சூடு ஒரே அளவு. கரண்டு அப்படியே சூடாக மாறித் தண்ணிக்குள் போகிறது. இதில் எந்தக் கம்பெனியும் வித்தை காட்ட முடியாது.

அப்படியானால் பில்லைத் தீர்மானிப்பது எது? எத்தனை வாளி, எவ்வளவு சூடு, சுட்ட தண்ணி எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது, இந்த மூன்றும்தான். சாமானின் விலை எதைத் தீர்மானிக்கிறது என்றால், பெரும்பாலும் பாதுகாப்பையும் சௌகரியத்தையும். இது புரிந்ததும் எங்கள் கூட்டத்தில் பாதிச் சண்டை நின்றுபோனது.

கொதிக்கக் கொதிக்க வைத்துப் பச்சைத் தண்ணி கலப்பது நம்ம பழக்கம். அதில் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. சூடு ஏற ஏறக் காற்றில் போவதும் அதிகம், பிள்ளைகள் மேலே கொட்டிக்கொள்கிற ஆபத்தும் அதிகம். குளிக்கிற பதத்திலேயே நிறுத்திவிடலாம். செல்போனில் 20 நிமிஷத்துக்கு அலாரம் வைத்தால் விரலை விட்டுப் பார்க்கிற வேலையே இல்லை.

500 யூனிட் என்கிற கோடு

இனி பில்லுக்கு வருவோம். நம்ம மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணத்தை வைத்து இங்கே கணக்குப் போட்டிருக்கிறோம். அதன்படி முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. நீங்கள் படிக்கும்போது கட்டணம் மாறியிருந்தால் உங்கள் அட்டையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை அதேதான்.

500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு போடுவார்கள், அது பரவாயில்லை. கூடவே 101 முதல் 200 வரைக்கும் இருந்த 2 ரூபாய் 35 காசு சலுகையும் போய், அதுவும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். சரியாக 500 யூனிட் ஓட்டியவருக்கு 1,805 ரூபாய். 510 ஓட்டியவருக்கு 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது ஒரு அக்கா, "அடக் கடவுளே, அதுக்குத்தான் எம்பட பில்லு தீபாவளிக்கு மேல அப்படி வந்துச்சா?" என்று கேட்டார்கள். அவர்கள் அட்டையில் 523 இருந்தது.

இரண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நாலு பேர், தினமும் நாலு வாளி சுடுதண்ணி. நாளைக்கு 2 யூனிட், 60 நாளைக்கு 120 யூனிட்.

முதல் வீட்டில் ஃபேன், லைட், டி.வி. மட்டும். சுடுதண்ணி இல்லாதபோது 150 யூனிட் ஓடுகிறது, பில் 117 ரூபாய் 50 காசு. சுடுதண்ணி சேர்ந்து 270 யூனிட் ஆனால் 564 ரூபாய். சுடுதண்ணிச் செலவு 446 ரூபாய் 50 காசு.

இரண்டாவது வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், தையல் மெஷின், கிரைண்டர் எல்லாம் இருக்கிறது. முன்னமே 420 யூனிட், பில் 1,301 ரூபாய். சுடுதண்ணி சேர்ந்து 540 ஆனால் 2,376 ரூபாய். அதே நாலு வாளிக்கு இங்கே 1,075 ரூபாய்! கோட்டைத் தாண்டியதுதான் காரணம். இந்த வீட்டில் தினமும் இரண்டு வாளியோடு நிறுத்தினால் 480 யூனிட், பில் 1,679. தண்ணியைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 700 ரூபாய் மிச்சம். எந்தக் கீசரை வாங்கினாலும் இந்த மிச்சம் கிடைக்காது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நம்ம அட்டையைத்தான். குளிர்காலப் பில்லில் 380-க்குள் இருப்பவர்கள் கவலைப்படாமல் நாலு வாளியும் வைக்கலாம். அதற்கு மேல் இருப்பவர்கள் யார் யாருக்குச் சுடுதண்ணி கட்டாயம் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கைக்குழந்தை, வயசானவங்க, பிள்ளை பெத்தவங்க, மூட்டுவலிக்காரங்க, இவர்களுக்குத்தான் முதலிடம். வீட்டு ஆம்பளைகளுக்கு மட்டும் சுடுதண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் முடித்து வருகிற நாம் பச்சைத் தண்ணியில் குளிப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. இதையும் கூட்டத்தில் பேசினோம், நிறையப் பேர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரர் மீட்டர்

லைன் வீட்டில் இன்னொரு சிக்கல். பல இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு இருக்காது. வீட்டுக்காரர் சின்ன மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். 8 ரூபாய், 10 ரூபாய் கொடுப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, குறைந்த கட்டணமும் இல்லை. யூனிட் 10 ரூபாய் என்றால் ஒரு வாளி 5 ரூபாய்.

அப்படிப்பட்ட வீட்டில் கேஸ் எப்படி என்று பார்த்தோம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அடுப்பில் பாத்திரத்தைச் சுற்றி வீணாகப் போகிற சூட்டைக் கழித்தால், ஒரு சிலிண்டரில் ஏறக்குறைய 250 வாளி சுட வைக்கலாம். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் வாளிக்கு 3 ரூபாய் 60 காசு. சொந்த இணைப்பு இருந்து, 200 முதல் 400 யூனிட்டுக்குள் ஓட்டுபவருக்குக் கரண்டில் ஒரு வாளி 2 ரூபாய் 35 காசுதான், ஆகவே கரண்டுதான் லாபம். 500-ஐத் தாண்டியவருக்கும், வீட்டுக்காரருக்கு 10 ரூபாய் கொடுப்பவருக்கும் கேஸ்தான் லாபம். முழு வாளித் தண்ணியையும் அடுப்பிலிருந்து இறக்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். சின்னப் பாத்திரத்தில் ஐந்து ஐந்து லிட்டராக, மூடி போட்டுக் காய்ச்சுங்கள்.

கேஸ் கீசர் என்று ஒன்று விற்கிறார்கள். மூடிய குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. கேஸ் எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத நஞ்சு. குளிக்கப் போனவர் உள்ளேயே மயங்கிவிடுவார், வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

எதை வாங்கலாம்?

முதலில் பிளக்கைப் பாருங்கள், பிறகு சாமானைப் பாருங்கள். 1000 வாட் ராட் இழுப்பது நாலரை ஆம்பியருக்குள். சாதாரண சின்ன பிளக் தாங்கும். 1500 வாட் ஆறரை ஆம்பியர், 2000 வாட் ஒன்பது ஆம்பியருக்குப் பக்கம், 3000 வாட் 13 ஆம்பியர். இவை மூன்றுக்கும் 15 ஆம்பியர் பெரிய பிளக்கும், மீட்டரிலிருந்தே தனியாக வருகிற தடித்த வயரும் வேண்டும். 2000 வாட்டுக்கு இரண்டரை எம்.எம். வயர், 3000 வாட்டுக்கு நாலு எம்.எம். வயர் என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பெரிய பின்னைச் சின்ன பிளக்கில் செருகுவதற்கு ஒரு கட்டை விற்கிறார்களே, அதை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். கை வைத்துப் பார்த்தால் பிளக் சுடுகிறது, கருகின வாசம் வருகிறது என்றால் சுவருக்குள் வயர் உருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ராட் 500 முதல் 900 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, மூன்று பின் பிளக், தண்ணி எதுவரை இருக்க வேண்டும் என்று ராடிலேயே கோடு, இந்த மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது பின் எர்த்துக்கு. அதை உடைத்துவிட்டு இரண்டு பின்னாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ராட் போடும் வரிசை இதுதான்: தண்ணி நிரப்பி, ராடைக் குறுக்குக் கட்டையில் நன்றாகத் தொங்கவிட்டு, கை ஈரத்தைத் துடைத்து, செருப்புப் போட்டு, கடைசியாகத்தான் சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிஷம் விட்டு ராடை எடுத்து, அதன் பிறகுதான் தண்ணியைத் தொட வேண்டும். தகர வாளி, சில்வர் அண்டா வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் ராட் ஓரத்தையும் அடியையும் தொடாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வாளி உருகும். தண்ணி இல்லாமல் ராடை ஓடவிட்டால் இரண்டு நிமிஷத்தில் பழுத்துவிடும்.

இன்ஸ்டன்ட் கீசர் மூன்று லிட்டர் அளவில் 2,500 முதல் 4,000 ரூபாய் வரை. மாடிக் குடியிருப்பில் குளியலறை உள்ளேயே இருந்து, 15 ஆம்பியர் பாயின்டும் இருந்தால், சிறிய குடும்பத்துக்கு இதுவே நல்ல தேர்வு என்பது எங்கள் கருத்து. வேண்டும்போது மட்டும் சுடுகிறது, தண்ணி தேங்கி நிற்பதில்லை, ஓட்டும்போது வெளியே தெரிகிற கம்பி எதுவும் இல்லை. குழாயை முழுதாகத் திறக்காமல் மெல்லத் திறந்து பத்து நிமிஷத்தில் வாளியை நிரப்ப வேண்டும், வேகமாகத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஒரு குறை, சாயங்காலம் வோல்டேஜ் குறைகிற ஊரில் இது தடுமாறும்.

10, 15 லிட்டர் தேக்கி வைக்கிற கீசர் 6,000 முதல் 10,000 ரூபாய் வரை போகிறது. அதில் நட்சத்திர முத்திரை ஒட்டியிருப்பார்கள். நட்சத்திரம் கூடினால் தண்ணியைச் சீக்கிரம் சுட வைக்கும் என்று நினைக்க வேண்டாம். சுட்ட தண்ணி சும்மா நிற்கும்போது ஒரு நாளில் எத்தனை யூனிட் சூடு வீணாகிறது என்பதற்குத்தான் அந்த நட்சத்திரம். அந்த எண்ணும் முத்திரையிலேயே இருக்கும். 0.4 என்று இருந்து, நீங்கள் சுவிட்சை அணைக்காமலே விட்டால், இரண்டு மாதத்தில் 24 யூனிட் யாரும் குளிக்காமலே போய்விடும். குளிப்பதற்கு 15 நிமிஷம் முன்னால் போட்டு, சுட்டதும் அணைத்துவிட்டால் மூன்று நட்சத்திரமும் ஐந்து நட்சத்திரமும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆறேழு பேர் வரிசையாகக் குளிக்கிற கூட்டுக் குடும்பத்துக்கு இது சரி. மூன்று பேர் இருக்கிற பத்துக்குப் பத்து வீட்டுக்கு 25 லிட்டர் எதற்கு?

குழாயிலேயே மாட்டுகிற பிளாஸ்டிக் ஹீட்டர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் வீடு தேடி வருகிறது. பலவற்றில் முத்திரையும் இல்லை, சரியான எர்த்தும் இல்லை. தண்ணியும் கரண்டும் ஒரே பிளாஸ்டிக்குள் ஓடுகிற அதில் கையை வைத்துக் கழுவுகிறோம். வேண்டவே வேண்டாம்.

போர் தண்ணி உப்பையும் சொல்லியாக வேண்டும். நம்ம பக்கத்து போர் தண்ணி காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா, அதேதான் ராடிலும் கீசருக்குள்ளும் படிகிறது. படிவு தடித்தால் சூடு தண்ணிக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே தங்கி, கம்பி வெடிக்கும். ராட் என்றால் மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, புளித்தண்ணியிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேய்த்துவிடலாம். கீசர் என்றால் ஆளைக் கூப்பிட்டுத்தான் கழுவ வேண்டும், அந்தச் செலவையும் வாங்கும்போதே நினையுங்கள். ஆத்துத் தண்ணி வருகிற வீட்டில் இந்தத் தொல்லை குறைவு.

முதலில் வாங்க வேண்டியது கீசர் அல்ல

அந்தப் பிள்ளைக்கு நடந்ததைப் பற்றி வயரிங் தம்பி ஒன்று சொன்னார். ராட் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. கரண்டு கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தானே துண்டிக்கிற சுவிட்ச் ஒன்று உண்டு. ஆர்.சி.சி.பி. என்பார்கள், சில கடையில் லீக்கேஜ் பிரேக்கர் என்று கேட்டால்தான் தெரியும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டும். சாதாரண ஃபியூசும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. நம்ம உடம்பு வழியாகப் போகிற கரண்டு மிகவும் கொஞ்சம், அதற்கெல்லாம் ஃபியூஸ் போகாது. இந்த சுவிட்ச் மட்டும்தான் அந்தக் கொஞ்சத்தையும் கண்டுபிடிக்கும். மாட்டுகிற கூலியோடு 2,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகும். அதில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது, மாதம் ஒரு முறை அமுக்கினால் வீட்டுக் கரண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சுவிட்ச் கெட்டுவிட்டது.

அந்த லைனில் ஆறு வீடு. ஆறு பேரும் சேர்ந்து போய் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். முதல் நாள் "அதெல்லாம் உங்க செலவு" என்றார். இரண்டாம் தடவை நாங்களும் கூடப் போனோம். பாதி அவர், பாதி ஆறு வீடு என்று முடிந்தது. எர்த் குழியும் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் புதிதாகப் போட்டார்கள், வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணி ஊற்றுவது என்று முறை போட்டிருக்கிறார்கள்.

கீசருக்கு உள்கடன் கேட்டவர்களில் மூன்று பேருக்குக் கொடுத்தோம். மூன்றுமே மாடிக் குடியிருப்பு, இன்ஸ்டன்ட் கீசர். 4,000 ரூபாய், பத்து மாதம், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கடைத் தவணை நோட்டீசை நாங்கள் கூட்டிப் பார்த்தோம். வட்டியில்லை என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பிராசசிங் கட்டணம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு. வட்டி நம்ம குழுவுக்கே வருகிற கடன் இருக்கும்போது அது எதற்கு?

மலைக்குப் போன பிள்ளைகளுக்கு

சில அக்காமார் கேட்டது வேறு. பொண்ணைக் குன்னூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பையன் ஊட்டியில் வேலையில் இருக்கிறான். அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக அரை நாள் பயணம்தான், ஆனால் அங்கே டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படிகிறது. சின்ன வாடகை வீட்டுக்கு ரூம் ஹீட்டர் எது வாங்கலாம்?

கணக்கு அதேதான். சிவப்பாக எரிகிற கம்பி ஹீட்டர், காற்று ஊதுகிற ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ஹீட்டர், எதுவானாலும் ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கிற சூடு ஒன்றுதான். எண்ணெய் ஹீட்டர் விலை பல மடங்கு. அதில் லாபம் என்னவென்றால், பழுத்த கம்பி வெளியே இல்லாததால் போர்வை, துணி பட்டுத் தீப்பிடிக்கிற பயம் குறைவு, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்தக் கூடுதல் விலை தகும். லண்டனிலும் டொரன்டோவிலும் சின்ன ஃபிளாட்டில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். ஒரு விதிவிலக்கு, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே விடுகிற ஹீட் பம்ப். அது ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு தரும். வெயிலுக்கும் குளிருக்கும் ஓடுகிற ஏ.சி. அந்த வகைதான். ஆனால் விலையை நினைத்தால் வாடகை வீட்டுக்கு ஒத்து வராது.

1000 வாட் ஹீட்டரை ராத்திரிக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் 6 யூனிட், இரண்டு மாதத்தில் 360. முன்னால் 100 யூனிட்டுக்குள் இருந்து பில்லே கட்டாத வீட்டுக்கு 1,553 ரூபாய் வரும். 100 வாட் மின்போர்வை அதே ஆறு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். ரப்பர் பையில் இரண்டு லிட்டர் சுடுதண்ணி ஊற்றிக் காலடியில் வைத்தால் 0.1 யூனிட். அறை முழுக்கச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக வைப்பது பத்தில் ஒரு பங்குச் செலவு. கதவு இடுக்கில் பழைய துணியைத் திணித்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போடச் சொல்லுங்கள்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்புங்கள். கேஸ் கீசருக்குச் சொன்ன அதே நஞ்சுதான் கரியிலிருந்தும் வருகிறது. தூங்கினவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி மலை ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு

எல்லாரும் ஈ.பி. அட்டையோடு வாருங்கள். போன மார்கழி, தை மாதப் பில்லில் எத்தனை யூனிட் என்று பென்சிலில் வட்டம் போட்டு வையுங்கள். வீட்டுக்காரர் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எழுதி வாருங்கள். தினமும் எத்தனை வாளி என்று எண்ணி, அதை 30-ஆல் பெருக்கினால் இரண்டு மாதத்துச் சுடுதண்ணி யூனிட் வந்துவிடும். பெருக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். வீட்டில் இருக்கிற ராடையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், முத்திரையும் மூன்றாவது பின்னும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிடலாம்.